மூன்று பக்கமும் ஆறு, காலடியில் சொந்த நிலம்

அமெரிக்காவின் தெற்கே, அலபாமா மாநிலத்தின் வில்காக்ஸ் கௌன்டியில், அலபாமா ஆறு ஒரு பெரிய நிலப்பரப்பை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு திரும்பிப் போகிறது. அந்த வளைவுக்குள் இருக்கும் ஊர் கீஸ் பெண்ட். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 275 பேர். ஊருக்குள் வரும் தார்ச்சாலை ஊரோடு முடிந்துவிடும், அதற்கப்பால் தண்ணீர்தான். எதிர்க்கரைப் பக்கம் கௌன்டியின் தலைமையிடமான கேம்டன். நீதிமன்றம், மருத்துவமனை, கடைத்தெரு எல்லாம் அங்கேதான். படகு ஓடினால் கால் மணி நேரத்தில் அக்கரை சேரலாம். ஓடாவிட்டால் சாலை வழியே சுமார் 65 கிலோமீட்டர் சுற்ற வேண்டும்.

இந்த ஊருக்கு மேயர் கிடையாது. மன்றம் கிடையாது. சொந்தமாக வரி விதிக்கவோ, போலீஸ் வைத்துக்கொள்ளவோ உரிமை கிடையாது. அமெரிக்காவில் ஒரு குடியிருப்பு சட்டப்படி நகராட்சியாகப் பதிவு பெற்றால்தான் அதற்கென்று தனி நிர்வாகம் வரும். அப்படிப் பதிவு பெறாத ஆயிரக்கணக்கான சிற்றூர்களை கௌன்டி நிர்வாகமே ஆள்கிறது. அலபாமாவில் பிடி இன்னும் ஒரு சுற்று இறுக்கம். 1901-ல் எழுதப்பட்ட மாநில அரசியல் சட்டம் கௌன்டிகளுக்கே சொற்ப அதிகாரம்தான் கொடுத்தது. சின்னச் சின்ன விஷயங்களுக்கும் தலைநகர் மாண்ட்கோமரியில் கூடும் சட்டமன்றத்தின் தயவு வேண்டும். கறுப்பின மக்களின் வாக்குரிமையை வரி, எழுத்தறிவுத் தேர்வு என்று பல பூட்டுகள் போட்டு அடைத்ததும் அதே சட்டம்தான்.

உலகம் கீஸ் பெண்டை அறிந்தது அதன் குயில்ட்களால். பழந்துணித் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்துப் பஞ்சு வைத்துத் தைக்கும் அந்தக் கனத்த போர்வைகள் இன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றைப் பற்றி எழுதுபவர்கள் நிறத்தையும் வடிவத்தையும் புகழ்ந்து மாய்ந்து போகிறார்கள். புகழட்டும், தகும். ஆனால் அந்தப் போர்வைகளைத் தைத்த கைகள் எந்த மண்ணில் ஊன்றி நின்றன, அந்த மண் அவர்கள் கைக்கு எப்படி வந்தது என்ற கதை அதைவிடப் பெரியது. இந்த ஊர் பிழைத்ததும், எதிர்த்து நின்றதும், பேர் வாங்கியதும் நிலம் கையில் இருந்ததால்தான்.

கைமாறிய ஊர்

1816-ல் வட கரோலினாவிலிருந்து ஜோசப் கீ என்ற நிலக்கிழார் பதினெட்டு அடிமைகளுடன் இங்கே வந்து பருத்தித் தோட்டம் போட்டார். ஊரின் பெயரில் இருப்பது அவர் பெயர்தான். அவருக்குப் பின் தோட்டம் வாரிசுகளிடம் போயிற்று. அவர்கள் மார்க் பெட்வே என்ற உறவினருக்கு 29,000 டாலர் கடன்பட்டிருந்தார்கள். கடனுக்கு ஈடாக 1845-ல் தோட்டம் கைமாறியது. நிலத்தோடு சேர்த்து மனிதர்களும் கைமாறினார்கள்.

அடுத்த ஆண்டு பெட்வே குடும்பம் வட கரோலினாவிலிருந்து குடிபெயர்ந்து வந்தது. முதலாளி குடும்பம் வண்டிகளில் வந்தது. அவர்களுக்குச் சொந்தமான சுமார் நூறு அடிமைகள் நடந்து வந்தார்கள். வட கரோலினாவிலிருந்து அலபாமாவின் நடுப்பகுதி வரை, மாநில எல்லைகளைக் கடந்து, கால்நடையாக. கீஸ் பெண்டில் இன்றும் வீட்டுக்கு வீடு பெட்வே என்ற குடும்பப் பெயர் இருப்பதற்கு இதுதான் காரணம். உடைமையாளரின் பெயரை உடைமைக்கும் இட்டார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகும் அந்தப் பெயர் தங்கிவிட்டது.

விடுதலை வந்தது. நிலம் வரவில்லை. அதே வயலில் அதே மக்கள் குத்தகைக்காரர்களாகத் தொடர்ந்தார்கள். பிறகு தோட்டத்தை டஸ்கலூசா நகரத்து வழக்கறிஞர் ஏட்ரியன் வான் டி கிராஃப் வாங்கினார். இயற்பியல் மாணவர்கள் அறிந்த வான் டி கிராஃப் மின்னியற்றியைக் கண்டுபிடித்த ராபர்ட் வான் டி கிராஃப் இவருடைய மகன். நிலத்துக்கு உரியவர் வேறு ஊரில் இருந்தார். நிலத்தில் உழைத்தவர்கள் வாடகை கொடுத்தார்கள். விதைக்கும் உரத்துக்கும் உணவுக்கும் கேம்டன் வியாபாரிகளிடம் கடன் வாங்கினார்கள். அறுவடை முடிந்ததும் பருத்தியைக் கொண்டுபோய்க் கொட்டிக் கணக்கைத் தீர்ப்பது வழக்கம். கணக்குப் புத்தகம் வியாபாரியிடம்தான் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க வழியில்லை.

1920-களின் இறுதியில் பருத்தி விலை சரிந்து விழுந்தது. கடன் ஏறிக்கொண்டே போனது. 1932-ல் கடன் கொடுத்து வந்த வியாபாரிகளில் ஒருவர் இறந்தார். அவருடைய குடும்பம் நிலுவையை உடனடியாக வசூலிக்க முடிவு செய்தது. ஆயுதம் தாங்கிய ஆட்கள் ஆற்றைக் கடந்து வந்து அறுபதுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் வீடுகளைத் துடைத்து எடுத்தார்கள். கோவேறு கழுதைகள், மாடுகள், பன்றிகள், கோழிகள், ஏர், வண்டி, மூட்டை கட்டி வைத்த சோளம், மண்ணில் புதைத்துப் பத்திரப்படுத்திய சர்க்கரைவள்ளிக் கிழங்கு, அடுத்த பருவத்துக்கான விதை. எதையும் விடவில்லை. குளிர்காலம் வாசலில் நின்றது. செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய மாவும் இறைச்சியும் வந்திராவிட்டால் அந்த ஆண்டோடு ஊர் அழிந்திருக்கும். அந்த நாள்களைச் சிறுமியராகக் கண்ட பெண்கள் எழுபது ஆண்டுகள் கழித்தும் அதை நேற்று நடந்ததைப் போலச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு புகைப்படமும் பத்தாயிரம் ஏக்கரும்

1937-ல் ஆர்தர் ராத்ஸ்டைன் என்ற இளம் புகைப்படக் கலைஞரை அமெரிக்க அரசின் மீள்குடியேற்ற நிர்வாகம் கீஸ் பெண்டுக்கு அனுப்பியது. அவர் எடுத்த படங்களில் ஒன்று மிகப் புகழ்பெற்றது. மண் பூசிய மரக்கட்டைக் குடிசையின் சன்னலில் ஒரு சிறுமி நிற்கிறாள். திறந்திருக்கும் பலகைக் கதவில் பழைய செய்தித்தாள் ஒட்டியிருக்கிறது. அதிலிருந்த விளம்பரத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சாப்பாட்டை ஏந்திச் சிரிக்கிறாள். செய்தித்தாள் அங்கே அலங்காரத்துக்கு ஒட்டப்படவில்லை. கட்டைகளின் இடுக்கு வழியாக வரும் குளிர்காற்றை அடைக்க, அகப்பட்ட காகிதத்தையெல்லாம் மாவுப்பசையால் ஒட்டினார்கள். அதே குளிரை அடைக்கத்தான் பெண்கள் போர்வை தைத்தார்கள்.

அந்தப் படங்கள் வாஷிங்டனைத் தொட்டன என்பது மிகையில்லை. ரூஸ்வெல்ட் அரசு வான் டி கிராஃப் குடும்பத்திடமிருந்து சுமார் 10,000 ஏக்கர் நிலத்தை வாங்கியது. கீஸ் பெண்ட் பண்ணை என்ற பெயரில் கூட்டுறவு அமைப்பு உருவானது. பள்ளிக்கூடம், மருத்துவ நிலையம், கடை, பருத்தி அரவை ஆலை எல்லாம் வந்தன. கண்ணாடிச் சன்னல் வைத்த மரவீடுகள் ஏறக்குறைய நூறு எழுந்தன. ஊரார் அவற்றை ரூஸ்வெல்ட் வீடுகள் என்றே அழைத்தார்கள். 1940-களில் அந்த வீடுகளும் நிலங்களும் குறைந்த வட்டியில், நீண்டகாலத் தவணையில், அதில் குடியிருந்தவர்களுக்கே விற்கப்பட்டன.

அலபாமாவின் கறுப்பு மண் வட்டாரத்தில் ஒரு முழு ஊரின் கறுப்பின மக்கள் தாங்கள் உழும் நிலத்துக்குத் தாங்களே உரிமையாளர்களாக ஆனது மிக அரிதான செய்தி. நூறு ஆண்டுகளுக்கு முன் தாத்தா பாட்டிகளை நடத்தி அழைத்து வந்து இறக்கிய அதே நிலம், இப்போது பேரன் பேத்திகளின் பெயரில் பத்திரமாயிற்று. மற்ற தெற்கத்திய ஊர்களிலிருந்து கூட்டம் கூட்டமாகச் சிகாகோவுக்கும் டெட்ராய்டுக்கும் மக்கள் போய்க்கொண்டிருந்த காலத்தில், இங்கிருந்தும் பலர் போனார்கள்; ஆனாலும் ஊர் காலியாகவில்லை. போவதற்குக் காரணம் இருந்தது போலவே இருப்பதற்கும் ஒரு காரணம் இருந்தது.

1941-ல் ராபர்ட் சான்கின் என்ற ஆய்வாளர் வந்து இவ்வூர் மக்களின் பாடல்களையும் பிரார்த்தனைகளையும் ஒலிப்பதிவு செய்தார். அவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. வழிவழியாக வந்த மெட்டுகளும் சொல்முறைகளும் மாறாமல் தங்கிய ஊர் என்று ஆய்வாளர்கள் இதைத் தேடி வந்தார்கள். ஆறு கொடுத்த தனிமையின் ஒரே நன்மை அதுவாக இருக்கலாம்.

1949-ல் அஞ்சலகம் வைத்தபோது ஊருக்கு அதிகாரபூர்வமாக பாய்கின் என்று பெயர் வைக்கப்பட்டது. ஃப்ராங்க் பாய்கின் என்ற அலபாமா நாடாளுமன்ற உறுப்பினரின் பெயர் அது. பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழிக்கச் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து 1956-ல் தெற்கத்திய உறுப்பினர்கள் வெளியிட்ட அறிக்கையில் கையொப்பமிட்டவர்களில் அவரும் ஒருவர். வரைபடத்திலும் தபால் முத்திரையிலும் ஊர் பாய்கின் ஆனது. குடியிருப்பவர்கள் வாயில் அது இன்றும் கீஸ் பெண்ட்தான்.

படகை நிறுத்தினார்கள்

1960-களின் தொடக்கத்தில் வில்காக்ஸ் கௌன்டியில் நான்கில் மூவருக்கு மேல் கறுப்பினத்தவர். வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. புதிதாகப் பதிவு செய்ய வருபவருக்கு ஏற்கெனவே வாக்காளராக இருக்கும் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும் என்பது விதி. வாக்காளர்கள் எல்லாரும் வெள்ளையர்கள். அவர்கள் சாட்சி சொல்ல வர மாட்டார்கள். அவ்வளவுதான், கதவு மூடிக்கொண்டது.

1962-ல் கீஸ் பெண்டுக்கும் கேம்டனுக்கும் இடையே ஓடிய படகு நிறுத்தப்பட்டது. கறுப்பர்கள் என்பதற்காகப் படகை நிறுத்தவில்லை, கறுப்பர்கள் என்பதை அவர்கள் மறந்துவிட்டதால்தான் நிறுத்தினோம் என்று அந்நாளைய ஷெரிஃப் சொன்னதாக ஒரு பேச்சு இன்றும் உலவுகிறது. அவர் சொன்னாரோ இல்லையோ, நடந்தது அதுதான். வாக்குரிமை கேட்டு அக்கரைக்கு வருகிறவர்களின் வழி அடைபட்டது. அதோடு மருத்துவருக்குப் போகும் வழியும், கடைக்குப் போகும் வழியும் அடைபட்டன. தலைமையிடத்தில் இருப்பவர்கள் ஒரு படகை நிறுத்தினால் அதைக் கேள்வி கேட்க இந்த ஊருக்கு மன்றமும் இல்லை, வாக்கும் இல்லை.

ஊர் அடங்கவில்லை. 1963-ல் கீஸ் பெண்ட் விவசாயிகள் ஒரு குழுவாகக் கேம்டன் நீதிமன்றத்துக்குப் போய்ப் பதிவு செய்யக் கேட்டார்கள். 1965 பிப்ரவரியில், மழை கொட்டிய ஓர் இரவில், மார்ட்டின் லூதர் கிங் கீஸ் பெண்டுக்கு வந்து பிளசன்ட் க்ரோவ் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் பேசினார். அடுத்த மாதங்களில் ஊரார் கேம்டன் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். கண்ணீர்ப்புகையைச் சந்தித்தார்கள். ஆகஸ்ட் 6-ம் தேதி வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. மூன்றாண்டுகளுக்குப் பின் அட்லான்டாவில் கிங்கின் உடலை ஏற்றிச் சென்ற மரவண்டியை இழுத்த இரண்டு கோவேறு கழுதைகள் கீஸ் பெண்டைச் சேர்ந்தவை என்று ஊர் பெருமையோடு சொல்கிறது.

இந்த இடத்தில்தான் நிலத்தின் கணக்கு தெளிவாகிறது. வாக்காளராகப் பதிவு செய்ததற்காகக் கௌன்டியின் மற்ற பகுதிகளில் குத்தகைக் குடும்பங்கள் வீட்டைவிட்டு விரட்டப்பட்டன. நிலக்கிழார் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வர வேண்டும். கீஸ் பெண்டில் அது நடக்கவில்லை. நடத்த முடியவில்லை. வீடும் வயலும் அவரவர் பெயரில் இருந்தன. பயமுறுத்தலாம், வேலையை விட்டு நீக்கலாம், கடன் தர மறுக்கலாம், படகை நிறுத்தலாம், வெளியேற்ற முடியாது. கிங் ஒரு தொலைதூரச் சிற்றூருக்கு இரவில் வந்ததற்கும், அங்கே தேவாலயம் நிறைந்திருந்ததற்கும், அந்த 1940-களின் பத்திரங்களுக்கும் நேர்த் தொடர்பு உண்டு.

அதே 1960-களில் இன்னொரு அடியும் விழுந்தது. மில்லர்ஸ் ஃபெர்ரி என்ற இடத்தில் ராணுவப் பொறியியல் துறை அணை கட்டியது. தேங்கிய நீர் ஆற்றோரத்து நல்ல வண்டல் நிலங்களில் ஏறியது. படிக்கட்டு போல உயர்ந்து போகும் மேட்டு மண் மிஞ்சியது; பருத்திக்கு ஏற்ற பள்ளத்து மண் போயிற்று. வாக்குரிமை வந்த சில ஆண்டுகளுக்குள் ஊரின் விவசாயம் ஒடுங்கியது.

தேய்ந்த முழங்கால், நீல நிறம்

1965 டிசம்பரில் ஃப்ரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியார் இந்த வட்டாரத்தில் வழி தவறி அலைந்தபோது ஒரு வீட்டின் கொடியில் காய்ந்துகொண்டிருந்த குயில்ட்களைப் பார்த்தார். அவற்றை நியூயார்க்கில் ஏலம் போட்டு விற்றால் பணமாகுமே என்று அவருக்குத் தோன்றியது. 1966-ல் கீஸ் பெண்ட், பக்கத்து ஆல்பர்டா வட்டாரப் பெண்கள் சேர்ந்து ஃப்ரீடம் குயில்ட்டிங் பீ என்ற கூட்டுறவு சங்கத்தைத் தொடங்கினார்கள். எஸ்டெல் விதர்ஸ்பூன் நீண்டகாலம் அதன் மேலாளராக இருந்தார். சங்கம் சம்பாதித்த பணத்தில் நிலம் வாங்கியது; வாக்குரிமை கேட்டதால் விரட்டப்பட்ட குடும்பங்களுக்கு அதில் மனை கொடுத்தது. போர்வை தைத்து மண் வாங்கிய பெண்கள் இவர்கள்.

நியூயார்க் கடைகளுக்கு ஒரே அளவில், ஒரே மாதிரியில், பிசிறில்லாத தையல் வேண்டும். சங்கத்தின் மேசையில் அதைச் செய்தார்கள். வீட்டுக்குப் போனதும் தங்கள் போக்கில் தைத்தார்கள். 1972-ல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் துணியில் தலையணை உறைகள் தைக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. வெட்டி மிஞ்சிய துண்டுகள் வீடுகளுக்குப் போயின. பொன்மஞ்சள், அவகாடோ பச்சை, செர்ரிச் சிவப்பு என்று அதுவரை வயல் உடுப்பின் நீலத்தையும் பழுப்பையுமே கண்டிருந்த போர்வைகளில் திடீரென்று நிறம் பொங்கியது அப்படித்தான்.

வயல் உடுப்பில் தைத்தவைதான் மனத்தை அதிகம் பிசைகின்றன. மிசோரி பெட்வே 1942-ல் கணவர் இறந்த பின் அவருடைய வேலை உடுப்புகளையெல்லாம் பிரித்து ஒரு போர்வை தைத்தார். அவர் நினைவாக அதைப் போர்த்திக்கொள்ளப் போவதாக அம்மா சொன்னதை அவருடைய மகள் ஆர்லான்சியா பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அந்தப் போர்வை இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. இந்த வகைப் போர்வைகளை உற்றுப் பார்த்தால் கிழித்தெடுத்த சட்டைப்பை இருந்த இடம் மட்டும் அடர்நீலமாகத் தெரியும். வெயில் அங்கே படவில்லை. முழங்கால் பகுதி வெளுத்திருக்கும். பருத்தி வரிசைகளுக்கிடையே மண்டியிட்டதன் தடம் அது. ஒருவருடைய உழைப்பின் வரைபடம் இதைவிடத் துல்லியமாகக் கிடைக்காது.

அடுக்கடுக்காக உள்ளே சுருங்கும் சதுரங்களுக்கு ஹவுஸ்டாப் என்று பெயர். ஒரே வாக்கில் ஓடும் பட்டைகள் லேஸி கேல். மாதிரி எதுவானாலும் நடுவில் ஒரு கோடு சாயும், ஒரு துண்டு நிறம் மாறும். யாரும் யாரையும் அப்படியே பார்த்துத் தைக்கவில்லை.

ஓவியம் போல ஒரு குயில்ட் விறகுக் குவியல் மேல் கிடக்கும் புகைப்படத்தைப் புத்தகமொன்றில் பார்த்து, அட்லான்டாவின் கலைப்பொருள் சேகரிப்பாளர் வில்லியம் ஆர்னெட் 1990-களின் இறுதியில் அதைத் தைத்த ஆனி மே யங் என்பவரைத் தேடி வந்தார். பழைய போர்வைகளைக் கொளுத்திக் கொசு விரட்டுவது அங்கே வழக்கம். அவர் வந்தபோது சில ஏற்கெனவே எரிந்து போயிருந்தன. அவர் வாங்கிச் சேர்த்தவை 2002-ல் ஹூஸ்டனிலும், அதே ஆண்டு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் கண்காட்சியாயின. நாற்பதுக்கும் மேற்பட்ட பெண்களின் போர்வைகள். ஊர்ப் பெண்கள் பேருந்தில் போய்த் தங்கள் கைவேலை வெள்ளைச் சுவரில் தொங்குவதைப் பார்த்தார்கள். 2006-ல் பத்துப் போர்வைகள் தபால்தலைகளாயின. நாற்பத்து நான்கு ஆண்டுகள் நின்றிருந்த படகும் அதே 2006-ல்தான் மீண்டும் ஓடத் தொடங்கியது. 2019-ல் அது மின்கலத்தில் ஓடும் படகானது. அமெரிக்காவில் பயணிகளையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் முழு மின்படகுகளில் முதலாவது அது.

பணம் யாருக்கு என்ற கேள்வி உடனே எழுந்தது. போர்வைகளின் வடிவங்கள் விரிப்புகளிலும் அலங்காரப் பொருள்களிலும் அச்சேறின. தங்களுக்குரிய பங்கு வரவில்லை என்று 2007-ல் ஆனி மே யங் உட்பட மூன்று பெண்கள் ஆர்னெட் தரப்பின் மீது வழக்குத் தொடுத்தார்கள். 2008-ல் சமரசம் ஆனது. ஆர்னெட் 2010-ல் தொடங்கிய சோல்ஸ் க்ரோன் டீப் அறக்கட்டளை பின்னர் போர்வைகளை அருங்காட்சியகங்களுக்குக் கொண்டு சேர்த்தது. தையற்காரர்களின் காப்புரிமையைக் காக்கவும் முனைந்தது. ஊர்ப் பெண்கள் 2003-ல் தாங்களே ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தியிருந்தார்கள். 2015-ல் மேரி லீ பெண்டால்ஃப், லூசி மிங்கோ, லொரெட்டா பெட்வே மூவருக்கும் நாட்டுப்புறக் கலைகளுக்கான அமெரிக்காவின் தேசிய விருது கிடைத்தது. பெருமை வந்து சேர்ந்த வேகத்தில் வருமானம் வந்து சேரவில்லை. 2024-ல் ஒரு பெரும் சில்லறை வணிக நிறுவனம் கீஸ் பெண்ட் வடிவங்களோடு பொருள்களை விற்றபோது, விற்பனையில் பங்கு தராமல் ஒரே தொகையைக் கொடுத்து முடித்தது விமர்சனத்துக்கு உள்ளானது.

சில ஆண்டுகளாகப் பெண்கள் இணையக் கடைகளில் நேரடியாக விற்கிறார்கள். 2022 முதல் அக்டோபரில் வீட்டுக் கொடிகளிலும் வேலிகளிலும் போர்வைகளைப் போட்டு விழா நடத்துகிறார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து தைத்தவரிடமே வாங்கலாம். விலை சொல்கிறவர் அந்த ஊர்க்காரர் என்பதே பெரிய மாற்றம்.

நிலம் என்ன ஆகும் என்பதுதான் இனி வரும் கேள்வி. தெற்கத்திய மாநிலங்களில் கறுப்பினக் குடும்பங்களின் நிலம் பெரும்பாலும் உயில் இல்லாமலே தலைமுறை தாண்டுகிறது. பேரன் பேத்திகள் எல்லாரும் பிரிக்கப்படாத பங்காளிகள் ஆகிவிடுவார்கள். தொலைவில் உள்ள ஒரு பங்காளி தன் பங்கை வெளியாருக்கு விற்றாலும், அந்த வெளியார் நீதிமன்றத்துக்குப் போய் முழு நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவர முடியும். இப்படிக் கைநழுவிய நிலம் ஏராளம். அலபாமா 2014-ல் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி ஏலத்துக்கு முன் நிலத்துக்கு நியாயமான மதிப்புக் கட்ட வேண்டும். மற்ற பங்காளிகள் அந்தப் பங்கை வாங்கிக்கொள்ள முதல் வாய்ப்புத் தர வேண்டும். வாங்கப் பணம் வேண்டும். சிகாகோவிலும் மொபீலிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த மண் வேண்டும் என்று தோன்றவும் வேண்டும்.